மீசை கம்பெனிக்குச் சொந்தம்

நாற்பத்து மூன்று வயது வரைக்கும் அவருடைய மீசை அவருடையதாகத்தான் இருந்தது. காலையில் நுனியைக் கொஞ்சம் முறுக்குவார், மாலையில் அதில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவுவார், அவ்வளவுதான். பிறகு அது கம்பெனியின் சொத்தாகிவிட்டது. நீளம் இவ்வளவு, முறுக்கு இவ்வளவு என்று காகிதத்தில் எழுதி அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அவர் ஒரு ஃபிட்டர். பத்தொன்பது வயதில் கார் தொழிற்சாலையின் இஞ்சின் கூடத்தில் சேர்ந்தவர். முகப்பில் வெள்ளிக் கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும் அந்தக் காரை ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும் என்று ஊர்விட்டு ஊர் வருகிறவர்கள் உண்டு. இவருக்கு அந்தப் பெருமையெல்லாம் இரண்டாம்பட்சம். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடுகிற இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக் கேட்பார். "மூணாவதுக்கு மூக்கடைச்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் கோளாறு மூன்றாவது சிலிண்டரில்தான் இருக்கும்.

இஞ்சின் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபீஸ்காரர்களுக்குத் தெரியாது, ஃபிட்டர்களுக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு ஃபிட்டரும் குறி பதிக்கத் தனக்கென்று ஒரு சிறிய எஃகுப் பஞ்ச் வைத்திருப்பார். ஒரு இஞ்சினைக் கட்டி முடித்ததும், பக்கவாட்டு மூடியின் உட்புறத்தில் அந்தப் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. காரை வாங்குகிறவன் காலமெல்லாம் பார்க்கப் போவதில்லை. வெளியே பித்தளைத் தகட்டில் நிறுவனரின் கையெழுத்து பளபளக்கும், உள்ளே கட்டியவனின் குறி இருட்டில் கிடக்கும். இவருடைய குறி மூன்று புள்ளி, ஒரு கோடு. இருபத்து நாலு வருஷத்தில் எத்தனை இஞ்சினுக்குள் அதைத் தட்டினார் என்று அவரே கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

கம்பெனிக்கு எண்பத்தைந்து வயதானபோது வந்தது வினை. விழாவுக்குப் படம் எடுக்க வந்த புகைப்படக்காரர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் நிறுவனரின் படம், அதற்கு நேர்கீழே இவர் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி மென்றுகொண்டிருந்தார். புகைப்படக்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், டீயைக் கீழே வைத்துவிட்டார். அதே நெற்றி, அதே மூக்கு, அதே மீசை. "ஒரே ஒரு நாள்தாங்க. கோட்டுப் போட்டுக்கிட்டு முதல் கார் பக்கத்துல நின்னா போதும்" என்றார்கள். இவரும் வேடிக்கைதானே என்று போய் நின்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்றைக்குக் கூட்டம் காரை விட்டுவிட்டு இவரைச் சுற்றி நின்றது. அடுத்த வாரமே அவர் கம்பெனி மியூசியத்துக்கு மாற்றப்பட்டார்.

பதினைந்து வருஷம் ஆயிற்று.

தினமும் நாலு காட்சி. பதினொரு வாக்கியம். அதற்கு மேல் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. புகழ்பெற்ற கார் கம்பெனிகளின் வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால் அதிகம் அலைய வேண்டியதில்லை: ஒரு கொட்டகை வேண்டும், ஒரு பிடிவாதக்காரன் வேண்டும், அவனைப் பார்த்துச் சிரிக்க நாலு பேர் வேண்டும், கடைசியில் ஏற ஒரு மலை வேண்டும். இங்கேயும் அதேதான். மாவு மில்லின் பின்கொட்டகையில் தொடங்கினேன் என்பது முதல் வாக்கியம். பைத்தியம் என்றார்கள் என்பது இரண்டாவது. "இந்த இஞ்சினை என் இரண்டு கைகளால், தனியாளாகச் செய்தேன்" என்பது ஐந்தாவது. ஆறு சிலிண்டர் இஞ்சினைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தக்கூட முடியாது என்பது ஃபிட்டருக்குத் தெரியாதா?

ஆனாலும் கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். முப்பது வருஷம் கொக்குக் கார் ஓட்டிய கிழட்டு டிரைவர் ஒருவர் வந்து பானெட்டைத் தடவி, "எங்க முதலாளிகூட என்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதில்ல, இந்த இஞ்சின்தான் பேசும்" என்று அழுதார். அழுத கையோடு இவர் காலைத் தொட வந்தார். இவர் பதறிப்போய் விலகினார். விலகியதற்கும் மியூசிய மேனேஜரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது: நிறுவனர் பதற மாட்டார்.

நிபந்தனைகள் ஒன்றா இரண்டா? நகத்தில் அழுக்கு கூடாது, அதனால் ஸ்பேனரைத் தொடக் கூடாது. நிறுவனர் மூக்குக்கண்ணாடி போட்டதில்லை, அதனால் இவரும் போடக் கூடாது. எதிரே நிற்கிறவர்கள் எல்லாரும் மங்கலாகத் தெரிவார்கள். உடம்பு பெருக்கக் கூடாது. வீட்டில் அவர் மனைவி தட்டில் இன்னொரு கரண்டி வைக்கப் போனால் கையை மறிப்பார்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்களுக்கு ரெண்டுமே இல்ல, பாவம்" என்பாள் அவள்.

"கிண்டல் பண்ணாத."

"நான் எங்க பண்றேன்? மகள் கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைய விட்டுட்டு உங்ககூடத்தானே எல்லாரும் நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க. நான் யாரோ கம்பெனி முதலாளி பெண்டாட்டி மாதிரி ஓரமா நின்னேன்."

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது.

ஏழாம் வருஷம் ஒருநாள் ஆத்திரத்தில் மீசையை மழித்துவிட்டுப் போனார். இன்றோடு ஒழிந்தது என்று நினைத்தார். மியூசிய மேனேஜர் ஒரு அம்மாள், குரலை உயர்த்தியதே கிடையாது. அன்றும் உயர்த்தவில்லை. மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே இரண்டு ஒட்டு மீசைகள், ஒரு சின்ன டப்பாவில் பசை. "இந்த மாதிரி ஒருநாள் நடக்கும்னு தெரியும் சார். வளர்ற வரைக்கும் இது இருக்கட்டும்." நாற்பது நாள் மேலுதடு அரித்துத் தின்றது. கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, மீசையே ஒட்டியதுதான்.

அறுபதில் ஓய்வு. ஐம்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தபோது, கம்பெனியின் நூறாம் ஆண்டு வந்தது. நூறாவது ஆண்டுக்காக முதல் காரின் இஞ்சினைப் போலவே ஆறு இஞ்சின்கள், பழைய முறையில், கையாலேயே கட்டப் போகிறார்கள் என்று செய்தி. இஞ்சின் கூடத்தின் போர்மேன் மியூசியத்துக்கே வந்துவிட்டார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆள் உயரம் குறைவு, அதனால் எல்லாருக்கும் அவர் குட்டை.

"டேய் முதலாளி, வந்துடுடா. கையால டாப்பெட் செட் பண்றவன் எவனும் இல்ல இப்போ. எல்லாம் மெஷின் பண்ணுது. எட்டு மாச வேலை. நான் எழுதிக் கேட்கறேன், நீயும் கேளு."

அன்றிரவு அவர் சாப்பிடவேயில்லை. ஓய்வு பெறுவதற்குள் ஆறு இஞ்சின். ஒன்றிலாவது மூன்று புள்ளியும் ஒரு கோடும் தட்டிவிட்டால் ஃபிட்டராக வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் வேஷக்காரனாகத்தான் போக வேண்டும். அலமாரியிலிருந்து பஞ்ச்சை எடுத்துத் துடைத்து வைத்தார்.

மேனேஜர் அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்து பதினைந்து வருஷத்துக்கு முந்தைய அவருடைய கையெழுத்தைக் காட்டினார். "சாயல் இருக்கும் வரைன்னு போட்டிருக்கு சார்."

"அறுபதுல ஓய்வுதானேம்மா?"

"அது ஃபிட்டருக்கு. நிறுவனர் எழுபத்தொன்பது வயசு வரைக்கும் இருந்தாரே. உங்களுக்கு நரைக்க நரைக்க அவரோட பிற்கால வாழ்க்கையையும் காட்டலாம்னு மேலிடத்துல ரொம்ப ஆர்வமா இருக்காங்க. சக்கர நாற்காலிக்குக்கூட அளவெடுத்தாச்சு."

அவர் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றார். சுவரில் அந்தப் பிரபலமான படம் மாட்டியிருந்தது: கொட்டகை, கார், நிறுவனர். படத்தின் வலது ஓரத்தில் இன்னொருவனின் இடது கை மட்டும் தெரியும். கையில் சுத்தியல். படத்துக்குச் சட்டம் போட்டவன் ஆளை வெட்டிவிட்டான். பதினைந்து வருஷமாகத் தினமும் பார்த்த கைதான். அன்றைக்குத்தான் அதன்மேல் அவருக்குக் கோபமும் பாசமும் ஒன்றாக வந்தது.

நூறாம் ஆண்டு விழா. மியூசிய முற்றத்தில் முதல் கார், சுற்றி வெளிநாட்டு விருந்தாளிகள், காமிராக்கள். பதினொன்றாம் வாக்கியம் முடிந்ததும் காரைக் கிளப்ப வேண்டும். மியூசிய மெக்கானிக் முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றினார். இஞ்சின் இருமியது, அடங்கியது. மறுபடி சுழற்றினார். அதே இருமல். மெக்கானிக்கின் சட்டை நனைந்துவிட்டது. மேனேஜர் அம்மாளின் முகத்தில் இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

இவருக்குக் கேட்டுவிட்டது. இரண்டாவது சிலிண்டர். வால்வு மூடாமல் தொங்குகிறது, வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் நட்டு நழுவியிருக்கிறது. கைகள் தானாகக் கோட்டைக் கழற்றின. என் வேலையை இவ்வளவு பேர் பார்த்துவிட்டால் என்னை எப்படி இங்கே வைத்திருப்பார்கள், கூடத்துக்குத்தானே அனுப்புவார்கள் என்று நினைத்தார். மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கி, பானெட்டைத் தூக்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். விரல்களுக்கு ஒன்றும் மறந்துவிடவில்லை. மெல்லிய தகட்டை இடைவெளியில் விட்டுப் பார்த்து நட்டை இறுக்கினார். மூடியைத் திரும்பப் பொருத்தப் போகும்போது அதன் உட்புறத்தில் கட்டைவிரல் எதிலோ இடறியது.

கண்ணாடி இல்லை. விரலால்தான் படித்தார். ஒரு பிறை, அதன் வயிற்றில் ஒரு புள்ளி. ஒருபக்கம் ஆழம் அதிகம். இடது கைக்காரன் அடித்தால்தான் அப்படிச் சாயும். வெளியே கையெழுத்துப் போடுகிற முதலாளி உள்ளே எதற்குக் குறி தட்டப் போகிறார்?

மூடியைப் பூட்டிவிட்டுத் தலையசைத்தார். மெக்கானிக் சுழற்றியதும் இஞ்சின் சீராகப் பேச ஆரம்பித்தது. கைதட்டல் முற்றத்தை நிறைத்தது. அவர் எண்ணெய்க் கையை உயர்த்தி அதை அடக்கினார்.

"இந்த இஞ்சின நான் செய்யலீங்க" என்றார். "வேற ஒருத்தர் செஞ்சது. அவரோட குறி உள்ள இருக்கு. அவர் பேர்கூட யாருக்கும் தெரியாது. நான் சும்மா பக்கத்துல நிக்கறவன்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று தட்டினார், பின்னாலேயே எல்லாரும் எழுந்தார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தது அவருக்கே மங்கலாகத் தெரிந்தது. "எவ்வளவு பெரிய மனுஷன், எவ்வளவு அடக்கம்!" என்று ஒரு குரல் கேட்டது.

"நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்றார் அவர். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மறுநாள் மேனேஜர் அம்மாள் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். மேலிடத்துக்கு ஒரே சந்தோஷமாம். இனி தினமும் பதினொரு மணிக் காட்சியில் அந்த நட்டை மெக்கானிக் முன்கூட்டியே தளர்த்தி வைப்பார், இவர் சரிசெய்ய வேண்டும், பிறகு அந்த வாக்கியம். "உங்க வார்த்தையே சார், ஒண்ணும் மாத்தல. பன்னிரண்டாவதா சேர்த்தாச்சு. 'நிஜமாத்தான் சொல்றேன்'ங்கறதையும் விட்டுடாதீங்க, அங்கதான் ஜனங்க அழறாங்க." நகத்து அழுக்குக்கும் அனுமதி வந்தது, பதினொரு மணிக்கு மட்டும்.

குட்டை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கேட்டேன்டா. 'நிறுவனரையா ஃபிட்டர் வேலைக்கு அனுப்பறது'ன்னு சிரிக்கிறாங்க. ஆளு போட்டாச்சு." இவர் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனார்.

இப்போது தினமும் பதினொரு மணிக்கு அவர் ஃபிட்டராகிறார். ஒரே நட்டு, ஒரே இடைவெளி. மூன்றாவது சிலிண்டரில் லேசாக ஒரு தட்டல் தொடங்கியிருப்பது அவர் காதுக்குக் கேட்கிறது. சொல்லியும் பார்த்தார். நாலு நிமிஷம் ஓடினால் போதும் சார் என்றார்கள்.

ஆறாவது மாதம் அவர் மனைவி ஒருநாள் காட்சி பார்க்க வந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள், எல்லாரும் தட்டும்போது தட்டவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள்.

"'அவர் பேர்கூட யாருக்கும் தெரியாது'ன்னு சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்தினீங்களே, எதுக்கு?"

"மூச்சு வாங்கத்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு வேறு ஏதோ பேச ஆரம்பித்தாள்.

அவருக்குத் தெரியும், மூச்சுக்காக இல்லை. இனி அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்று முடிவுசெய்து, வழியெல்லாம் வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார். பதினொரு மணிக்கு நட்டை இறுக்கினார். கட்டைவிரலால் பிறையைத் தொட்டார். கூட்டத்தைப் பார்த்து எண்ணெய்க் கையை உயர்த்தினார்.

"அவர் பேர்கூட யாருக்கும் தெரியாது" என்றார். நிறுத்தினார். கைதட்டினார்கள்.