பக்கத்து வீட்டு நிழல்

செஞ்சியில் மஞ்சள் இலைச் செடி வளர்க்கிறேன் என்றால் சிரிப்பார்கள். பொழுது சாய்ந்த பிறகும் பாறைகள் அனல் கக்கும் ஊர் இது. நர்சரிக்காரர் சொன்ன ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையவில்லை. ஆனால் அதன் குணம் எனக்கு அத்துப்படி. நேர் வெயில் பட்டால் கருகும். இருட்டில் வைத்தால் பொன் நிறம் போய்ப் பச்சையாகிவிடும். சலித்தெடுத்த மாதிரி வெளிச்சம் கிடைத்தால் மட்டும் வருடா வருடம் அடியிலிருந்து துளிர்க்கும்.

அந்த வெளிச்சத்தைக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் புங்க மரம். மரம் பக்கத்து வீட்டுக்காரியுடையது, அவள் வீட்டு ஈசானிய மூலையில் நின்றது. நிழல் முழுக்க என் பக்கம். அதை நம்பித்தான் ஒரு தொட்டிச் செடியைப் பிரித்துப் பிரித்து ஒரு வரிசையாக்கினேன். கணவர் போன பிறகு காலையில் எழுந்து வெளியே வர எனக்கிருந்த ஒரே காரணம் அந்த வரிசைதான். அது அவளுக்கும் தெரியும். சுவர்மேல் காபி டம்ளரை வைத்துக்கொண்டு அவளும் தினம் பார்ப்பாள்.

சித்திரையில் திடீரென்று என்மேல் அக்கறை பொங்கியது அவளுக்கு. அவலூர்பேட்டையில் உன் தங்கைக்குப் பேரன் பிறந்திருக்கிறானே, போய்ப் பார்க்க வேண்டாமா, இரண்டு நாள் தங்கிவிட்டு வா, செடிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நானும் நம்பிப் போனேன். திரும்பும்போது அவளுக்கென்று ஒரு பை மல்லாட்டைக் கடலை வேறு வாங்கி வந்தேன், மடச்சி.

தோட்டம் வெள்ளை வெயிலில் கிடந்தது. இலைகள் சருகாகியிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஈரம் காயாத அடிமரம். மகனுக்கு வரன் தள்ளிப்போவதற்கு ஈசானியத்தில் நிற்கும் மரம்தான் காரணம் என்று வாஸ்துக்காரர் சொன்னாராம். பால்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் மரம், அவள் மகன். கேட்க எனக்கு உரிமையில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

"சொன்னா நீ அழுவ யக்கா. நீ அழுதா எனக்கு வெட்ட மனசு வராது. அதான் உன்ன ஊருக்கு அனுப்பிட்டு வெட்டுனேன்."

ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரத்தை வெட்டியதைக்கூட மன்னித்துவிடலாம். என் அழுகைக்கு இளகிவிடுவோம் என்று தெரிந்துகொண்டே, அந்த அழுகையைப் பார்க்காமலிருக்க வழி செய்துகொண்டாளே, அதை மன்னிக்க எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.