செருப்புப் போட்ட பேய்

திருவாடானைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியர். ஒன்பதாம் வகுப்பைப் பேய்க்கதை எழுதச் சொன்னபோது ஒரு யோசனையும் கொடுத்தேன். "உயிரோட இருந்தப்ப செய்ய முடியாததைப் பேய் செய்யணும்."

காலனிப் பிள்ளை முத்துச்செல்வி எழுதிய பேய் யாரையும் அடிக்கவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு பெரிய தெருவில் நடந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தது. அதை யாராலும் எழுப்ப முடியவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலை வழிபாட்டில் பள்ளி முழுக்கக் கேட்க அவளை வாசிக்க வைத்தேன். பெரிய தெருப் பிள்ளைகளும் அங்கேதான் நிற்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என்ன பெரிய வாத்தியார் நான்!

மூன்றாம் நாள் அவள் அய்யா டி.சி. கேட்டு வந்தார். பெரிய தெருக்காரர்களின் வயலில் கூலி வேலை செய்கிறவர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றார்.

"இனி வேலைக்கு வர வேணாம்னுட்டாக சார். பிள்ளைய மில்லுக்கு அனுப்பப் போறேன். அது தப்பா எழுதிருச்சு, மன்னிச்சிருங்க."

'நான்தான் எழுதச் சொன்னேன்' என்று ஊருக்குள் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தலைமையாசிரியர் அறையைக் கைகாட்டினேன்.

இப்போதும் பேய்க்கதை எழுதச் சொல்கிறேன். பேய் வெள்ளைச் சேலையில்தான் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.