அமைச்சர் சம்பளத்தில் பத்து வெள்ளி

அமைச்சரின் சம்பளத்தில் பத்து வெள்ளியை வெட்டச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன் என்று நான் வீட்டில் வாயைத் திறந்திருக்கவே கூடாது. அம்மா அதன்பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மலேசிய நாடாளுமன்றத்தில் அது பழைய வழக்கம். பட்ஜெட்டைத் துறை துறையாக அலசும்போது என்னைப் போன்ற எதிர்க்கட்சிப் பின்வரிசை ஆட்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் பள்ளிக்கூடக் கூரை முதல் பஸ் வரை எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். ஒரே விஷயத்தைப் பிடித்து நிறுத்திப் பேச வேண்டுமானால், அந்தத் துறை அமைச்சரின் சம்பளத்தில் பத்து வெள்ளியை, அதாவது பத்து ரிங்கிட்டைக் குறைக்க வேண்டும் என்று முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கலாம். அப்போது அவை அந்த ஒன்றைத்தான் பேசியாக வேண்டும், அமைச்சரும் பதில் சொல்லியாக வேண்டும். இதனால் எந்த அமைச்சரின் சம்பளமும் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பதிலைக் கேட்டுக்கொண்டு தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதுதான் அங்கே மரியாதை.

இதை அம்மாவிடம் அன்றே பொறுமையாகத்தான் விளக்கினேன். பகாவ் பக்கத்து எஸ்டேட்டில் பால்மரம் சீவி எங்களை வளர்த்தவர் அவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தாயிற்று, தொழிலாளர் குடியிருப்பான லயன் இடிந்து அதன் ஓரத்தில் சின்னதாக வீடும் வந்தாயிற்று. அம்மா மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை, பிடித்த பிடியையும் விட்டதில்லை.

"ஒருத்தன் வயித்துல அடிக்கிறதுக்கா ஒனக்கு ஓட்டுப் போட்டு அனுப்புனோம்?"

"நெசமா வெட்ட மாட்டாங்கம்மா. பேசுறதுக்கு அது ஒரு முறை, அவ்வளவுதான்."

"மழ பேஞ்சி பாலு கொறஞ்சிருச்சின்னு வேலைய மேற்பாக்குற மண்டோரு என் பேருல அர நாள வெட்டுனான். கேட்டா, அதுதான் முறைன்னான். சம்பளத்துல கை வைக்கிறது பாவம்லா. கேக்குறத நேரா கேளு."

நேராகக் கேட்டுத்தான் அலுத்துப் போயிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் பள்ளியை முடித்ததும் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் வெல்டிங் படிக்கச் சேர்ந்தாள். வகுப்பில் அவள்தான் ஒரே பெண். ஜாயின்ட்டைத் தட்டிக் காட்டி, "பாருங்க வைபி, ஒடையாது" என்று எம்.பி.க்களுக்கான மரியாதைப் பட்டத்தைச் சொல்லி என்னைக் கிண்டலாகக் கூப்பிடுவாள். மற்ற நேரத்தில் நான் அவளுக்கு அக்காதான். வகுப்புகள் முடிந்துவிட்டன. கடைசிக் கட்டமாகப் போர்டிக்சனில் ஒரு பட்டறையில் சில மாதம் பயிற்சி எடுத்தால்தான் சான்றிதழ் கையில் கிடைக்கும். அந்த மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது, அலவன்ஸும் கிடையாது. பகாவிலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரமா அது? அறை வாடகை, சாப்பாடு, மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய் எல்லாம் அவள் கைக்காசு. அவளுடைய அப்பா லோரி ஓட்டுகிறார். அவளுக்குப் பின்னால் தம்பி தங்கைகள் படிக்கிறார்கள். எங்கள் எஸ்டேட் பிள்ளைகள் பலர் இந்தக் கட்டத்தில்தான் கழன்றுகொண்டார்கள். அவையில் எழுந்து, 'இந்தக் காலத்து இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை' என்று யாராவது சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சிரம்பான்ல ஒரு சூப்பர்மார்க்கெட்ல கல்லாவுக்கு ஆள் கேக்குறாங்கக்கா" என்றாள் அவள். "பட்ஜெட் முடியிற வரைக்கும் பாக்குறேன். அலவன்ஸ் வந்துச்சின்னா போர்டிக்சன் போறேன். இல்லன்னா கல்லாதான்லா."

இந்த அலவன்ஸ் பற்றி இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சருக்கு எழுத்து மூலம் கேள்வி அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. வாய்மொழிக் கேள்வி போட்டேன். என் முறை வருவதற்குள் கேள்வி நேரம் முடிந்தது. பொது விவாதத்திலும் பேசினேன். அமைச்சர் தன் பதிலுரையில் யாருக்கோ ஒரு புட்சால் பந்தாட்ட மைதானத்தை வாக்களித்துவிட்டு உட்கார்ந்தார். பத்து வெள்ளியைத் தவிர என்னிடம் வேறு வழி மிச்சமில்லை.

அவர் துறை விவாதத்துக்கு வந்த அன்று தீர்மானத்தை வாசித்து முடித்ததும் அமைச்சர் சிரித்துக்கொண்டே எழுந்தார். சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்து ஆட்டிக் காட்டி, மாண்புமிகு உறுப்பினருக்குப் பத்து வெள்ளிதான் தேவையென்றால் இப்போதே தந்துவிடலாமே என்றார். அவை முழுக்கச் சிரிப்பு. என் வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மனிதர் கெட்டவரில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது மடல் சுட்டது. திறன் தொழிலாளர் பற்றாக்குறை, இளைஞர் வருமானம், நாட்டின் உற்பத்தி என்று எழுதிக் கொண்டுபோயிருந்த பேச்சை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"இந்தத் தீர்மானத்துக்காக என் அம்மா என்னோடு பேசுவதில்லை" என்று மலாயில் ஆரம்பித்தேன். "எங்கள் வீட்டில் சம்பள வெட்டு என்றால் சிரிக்க மாட்டோம். அரை நாள் சம்பளம் போனால் அந்த வாரம் மீன் கிடையாது. அமைச்சரின் பத்து வெள்ளி வெறும் சம்பிரதாயம், அதனால் இங்கே சிரிக்க முடிகிறது. பட்டறையில் நெருப்புக்கு முன்னால் நிற்கிற பெண்ணுக்கு நாம் பத்து வெள்ளியை வெட்டவில்லை. மொத்தத்தையும் வெட்டியிருக்கிறோம். அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கால அலவன்ஸ் உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

சிரிப்பு அடங்கியது. அமைச்சர் பர்ஸை உள்ளே வைத்துக்கொண்டார். பிறகு நிதானமாக, உறுப்பினரின் அக்கறையைக் கவனத்தில் எடுத்துக்கொள்வதாகவும், தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படியும் கேட்டார். பின்னால் இருந்த எங்கள் கட்சிப் பெரியவர், "போதும்மா, தீர்மானத்தத் திரும்ப வாங்கிக்க. நல்லா பேசிட்ட" என்று கிசுகிசுத்தார். கவனத்தில் எடுத்துக்கொண்ட விஷயங்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பதை நான் நிறையவே பார்த்தாயிற்று. திரும்பப் பெறவில்லை என்றேன்.

அதனால் வாக்குக்கு விட்டார்கள். அங்கே முதலில் குரலை வைத்துத்தான் முடிவு. வேண்டாம் என்ற குரல்தான் ஓங்கி ஒலித்தது. தலைகளை எண்ண வேண்டுமென்றால் போதுமான ஆட்கள் எழுந்து நிற்க வேண்டும். நான் நின்றேன். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். இன்னும் சிலரும் எழுந்தார்கள். மற்றவர்கள் கைப்பேசியில் இருந்தார்கள், தேநீருக்குப் போயிருந்தார்கள். ஆள் போதவில்லை, தீர்மானம் தோற்றது. நின்றபடியே கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அழவில்லை.

வார இறுதியில் எஸ்டேட்டுக்குப் போனேன். அம்மா கைப்பேசியில் நேரலையைப் பார்த்திருக்கிறார். பாராட்டெல்லாம் இல்லை. சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே, "அந்த ஆளு பர்ச எடுத்து ஆட்டுறான்" என்று மட்டும் சொன்னார். சோற்றுக் கரண்டி தட்டில் கொஞ்சம் பலமாகவே பட்டது.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். சூப்பர்மார்க்கெட்டின் சிவப்புச் சட்டை, மார்பில் பெயர் அட்டை. பார்த்ததும் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"கோவமாக்கா?"

"ஒன்மேல எதுக்குக் கோவம்?"

"வெல்டிங் பூட்ஸ விக்கல. கடைசிக் கட்டத்த அடுத்த வருசம் முடிச்சாலும் ஏத்துக்குவாங்களாம், கேட்டுட்டேன். நீங்க திரும்பக் கேப்பீங்கதான?"

கேட்பேன் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் ஓடினாள். அம்மா அந்தச் சிவப்புச் சட்டை செம்பனைச் சாலையில் திரும்பி மறையும்வரை வாசலைவிட்டு அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தடவ பத்து வெள்ளியோட நிறுத்தாத. மொத்தத்தையும் வெட்டச் சொல்லு."

"பாவம்னு சொன்னது யாரு? பத்து வெள்ளிதாம்மா வழக்கம்."

"அப்ப அந்தப் பத்து வெள்ளியவாச்சும் நெசமா வெட்டு."

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஆனால் அங்கே அடி வைக்க ஒரு ஆள் போதாது. அடுத்த பட்ஜெட்டுக்கு நோட்டீஸை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். இந்த முறை எண்ணிக்கைக்கு எழுந்து நிற்பீர்களா என்று ஒவ்வொரு உறுப்பினரிடமும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எதிர்ப்பக்க ஆளுங்கட்சி வரிசையிலும் சேர்த்து. சிலர் பார்க்கலாம் என்கிறார்கள். அவர்களிடம் மறுநாள் திரும்பவும் போகிறேன்.