அப்பா வாங்காத வேன்

கல்யாண வீடுகளுக்கு விளக்கு அலங்காரம் செய்யும் என் மகன் சென்ற வாரம் ஒரு வேனின் படங்களைக் கைபேசிக்கு அனுப்பினான். கூடவே ஒரு குரல் செய்தி: "அம்மா, விலைக்கு வாங்கறதா, லீஸுக்கு எடுக்கறதா, வேணுங்கறப்போ மட்டும் வாடகைக்கா? ஒண்ணு சொல்லு. பதில் சொல்லாம மிண்டாம இருக்காதே." முன்பக்கப் படத்தையும் பக்கவாட்டுப் படத்தையும் நன்றாகத்தான் பார்த்தேன். கடைசிப் படத்தில் பின்கதவுகள் திறந்திருந்தன. உள்ளே இருட்டாக, ஒன்றுமே இல்லாமல் இருந்தது. கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். இன்றுவரை அவனுக்குப் பதில் அனுப்பவில்லை. அம்மாவுக்குச் செலவென்றாலே பயம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பான்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலம். வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் காப்பிப்பொடிக் கடை. வறுத்த கொட்டை அரைபடும் வாசனையில்தான் தெருவே கண்விழிக்கிறது என்பது அப்பாவின் நம்பிக்கை. கோவில் மணியில் விழித்துக்கொள்வதாகத் தெருவில் மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வித்துராவுக்குப் போகும் மலைச்சாலையில் இருந்த சாயாக்கடைகளுக்கும், அதற்கும் மேலே எஸ்டேட் கான்டீன்களுக்கும் அப்பாவின் பொடி பிடித்துப்போயிருந்தது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸின் கூரையில் மூட்டையை ஏற்றிப் போய், வித்துராவில் இறக்கி, கடை கடையாகக் கொடுத்துவிட்டு வருவார். அந்த வருஷம் கடைக்காரர்கள் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். யார் கடைவாசலில் கொண்டுவந்து இறக்குகிறாரோ அவரிடம்தான் இனிப் பொடி. நாகர்கோவில்காரர் ஒருவர் சொந்த வேனில் அந்தச் சாலையில் ஏறத் தொடங்கியிருந்தார். வேன் இல்லையென்றால் மலைச்சாலை முழுவதும் அப்பாவின் கையைவிட்டுப் போய்விடும். அப்பா சாப்பிடும்போதுகூட அதையே பேசினார்.

வித்துராவில் ஒரு ரப்பர் வியாபாரியிடம் தகரக்கூடு அடித்த வேன் ஒன்று இருந்தது. அவர் தாராளமான மனுஷர். விலைக்கும் தருவேன், லீஸுக்கும் தருவேன், வேண்டிய நாளில் டிரைவரோடு வாடகைக்கும் அனுப்புவேன் என்றார். அந்தத் தாராளத்தில் எங்கள் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்தது.

அப்பா வாங்கும் கட்சி. அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்த சித்தப்பா லீஸ் கட்சி. "லீஸ்தான் டீசன்ட், அண்ணா. பிரேக்டவுன் ஆனா ஓனருக்கு ஹெட்ஏக். நாம சைன் பண்ணினாப் போறும்."

"நீ ஆபீஸ்லயும் அதை மட்டும்தானே பண்றாய்" என்றார் அப்பா.

அம்மா வாடகைக் கட்சி. "வாரத்துல ஒரு நாள் ஓடற வண்டியை மத்த நாளெல்லாம் வாசல்ல நிறுத்தி வெச்சு அழகு பாக்கவா? வாடகை போறும், கேட்டேளா."

"வாடகை வண்டியில நேத்து என்ன ஏத்தினான்னு உனக்குத் தெரியுமோ? கருவாடா இருந்தா?"

காப்பிப்பொடி பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பெருங்காயக் கட்டி தப்பித் தவறி அருகில் இருந்தாலும் மறுநாள் காப்பி சாம்பாராகிவிடும். அப்படியிருக்க, ரப்பர் ஷீட்டின் புளித்த நெடி பழகிய வண்டியை வாங்கலாமா என்பதுதான் அப்பாவின் ஒரே கவலையாக இருந்தது.

எனக்குக் கட்சி கிடையாது. வேன் எந்த வழியாக வந்தாலும் சரி. வந்தால் வித்துராவுக்கும் மேலே பொன்முடி மலைக்குக் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். அங்கே மேகம் இறங்கி வந்து சாலையில் நடந்துபோகும் என்றும் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் நான் பாடப்புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அந்த மேகத்துக்குக் கால் உண்டா, செருப்புப் போட்டிருக்குமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் வேன் எங்கள் தெருவில் வந்து நின்றது. டிரைவர் மீசை நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். "நேத்தே சோப்பு போட்டுக் கழுகியாச்சு சாமி. ஒரு மணமும் கிடையாது" என்றார்.

அம்மா அதை நம்பவில்லை. புதிதாக அரைத்த பொடியைத் தாம்பாளத்தில் பரப்பி, வேனுக்குள் வைத்து, கதவுகளைச் சாத்தச் சொன்னாள். வெயில் ஏறும்வரை யாரும் திறக்கக்கூடாது. பிறகு அந்தப் பொடியில் டிக்காஷன் இறக்கிக் குடித்துப் பார்ப்பது. பொடியே சொல்லிவிடும் என்றாள். உலகத்தில் வேன் வாங்க நினைப்பவர்கள் இன்ஜினைப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் இன்ஜின் பக்கம் போகவில்லை.

வெயில் ஏறியதும் அம்மா கதவைத் திறந்து தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவும் சித்தப்பாவும் அவள் பின்னால், ஏதோ நைவேத்தியம் போவதுபோல, பக்தியுடன் போனார்கள். டிரைவரையும் காப்பிக்குக் கூப்பிட்டார்கள். வேனின் கதவு திறந்தே கிடந்தது.

நான் ஏறினேன்.

உள்ளே அவ்வளவு காப்பி வாசனை. காலையெல்லாம் மூடிக்கிடந்த வெயிலும் பொடியும் சேர்ந்து, காற்றே கதகதப்பாகப் பழுப்பு நிறத்தில் இருப்பதுபோலத் தோன்றியது. முன்கோடியில் காலிச் சாக்குகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்கும் தகரத்துக்கும் இடையில் எனக்கு என்றே அளவெடுத்ததுபோல ஓர் இடம் இருந்தது. அதில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். கூட்டின் உச்சியில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு வெயில் கம்பி இறங்கியது. கம்பிகளுக்குள் தூசி மெல்ல மேலே போயிற்று, கீழே வந்தது. பிறகு கண் மூடிவிட்டது.

அடுக்களையில் நடந்தது பின்னால் சித்தப்பா சொல்லிக் கேட்டதுதான். டம்ளரை மூக்கருகே பிடித்துக்கொண்டு, லைட்டாக ஒரு ஸ்மெல் இருக்கிறது என்றாராம் அவர். "அது உன் தலையில தேச்சிண்டிருக்கற எண்ணெய்" என்றாளாம் அம்மா. அப்பா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "ஒரு நாத்தமும் இல்லை. வாங்கிடலாம். நாளைக்கு நானே வித்துராவுக்கு வந்து பேசி முடிக்கறேன்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். அம்மாவும் மறுக்கவில்லை. டிரைவர், உச்சை வேளைக்குள் வித்துராவில் லோடு ஏற்ற வேண்டும் என்று அவசரமாக எழுந்தார். பின்கதவைச் சாத்தினார், கொண்டி போட்டார், வண்டியை எடுத்தார். அவர் உள்ளே எட்டிப்பார்க்கவில்லை. வெறும் வண்டிக்குள் எதைப் பார்ப்பது?

வண்டி ஆடியதில் விழித்தேன். பயமாகவே இல்லை. அப்பா வேனை வாங்கிவிட்டார், எல்லோரும் பொன்முடிக்குப் போகிறோம், முன்னால் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் தூங்குவதால் என்னை எழுப்பவில்லை. எல்லாம் சரியாகவே இருந்தது. கிழக்கேகோட்டையில் கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுவது கேட்டது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். பிறகு வெகுநேரம் சத்தமே இல்லாத சாலை. வெயில் கம்பிகள் சாய்ந்து சாய்ந்து என் பாவாடைமேல் ஊர்ந்தன, சட்டென்று அணைந்தன. தகரத்தில் மழை விழத் தொடங்கியது. யாரோ மேலிருந்து கொத்துக் கொத்தாகக் காப்பிக்கொட்டையைக் கொட்டுவதுபோல இருந்தது. வளைவுகளில் என் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. காற்று குளிர்ந்தது. ஓட்டைகளின் வழியாக மேகம் உள்ளே வரும் என்று வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான் அவ்வளவு நிம்மதியாக இருந்த வேறொரு மத்தியானம் எனக்கு ஞாபகம் இல்லை.

கதவு திறந்தபோது வெளியே ஒரே பச்சை. மழை விட்டிருந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது.

"எண்டெ தெய்வமே! மோளே, நீ எப்படி இதுக்குள்ள?"

"அப்பா எங்கே?"

அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைத் தூக்கி இறக்கி, கை கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ரப்பர்க் கடையில் ஃபோன் இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு வக்கீல் மாமாவின் நம்பர் எனக்கு ஸ்லோகம்போல மனப்பாடம். டிரைவர் திரும்பத் திரும்பச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"மோளே, ஒரு ஆள்கூட இல்லாம எல்லாரும் எங்க போயிருப்பாங்க?"

"சினிமாவுக்குப் போயிருப்பா" என்றேன்.

அவர் லோடு ஏற்றவில்லை. முதலாளி ஏதோ கத்தினார். அதைக் காதில் வாங்காமல் என்னை முன்ஸீட்டில் உட்காரவைத்து, எண்ணெயில் பொரித்த ஒரு பழம்பொரியைக் கையில் கொடுத்து, வண்டியைத் திருப்பினார். இறக்கம் முழுவதும் மாட்டுவண்டியைப்போல ஓட்டினார். நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் ஒரு கையால் என் பாவாடை நுனியைப் பிடித்திருந்தார்.

வலியசாலைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெருவில் திருவிழாக் கூட்டம். கோவில் குளத்துப் பக்கமிருந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அம்மா தலை அவிழ்ந்து, இரண்டு மாமிகளின் நடுவில், நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்கள். அப்பாவின் முழங்கையில் பாசி ஒட்டியிருந்தது. எங்கள் தெருவில் நல்ல மழை போலிருக்கிறது என்று நினைத்தேன். புழுதி பறக்கக் காய்ந்து கிடந்த தெருவில் நின்றுகொண்டுதான் அப்படி நினைத்தேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அம்மா என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

டிரைவர் அப்பாவின் முன்னால் கைகூப்பி நின்றார். "தெற்றிப் போச்சு சாமி. பாக்காம கதவை அடைச்சிட்டேன்."

அப்பா அவர் தோளில் கைவைத்தார். "உன்மேல தப்பில்லை. கொழந்தையைக் கொண்டுவந்து சேத்தாயே." பிறகு வேனைப் பார்த்தார். திறந்திருந்த பின்கதவுகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "முதலாளிகிட்டச் சொல்லிடு. வண்டி வேண்டாம். லீஸும் வேண்டாம், வாடகைக்கும் வேண்டாம். ரப்பர் நாத்தம் போகலை."

எனக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. "பொய்! உள்ளே நான்தானே இருந்தேன்? நாத்தமே இல்லைப்பா. காப்பி வாசனைதான். நன்னா இருந்தது!" என்று கூட்டத்தின் நடுவே உரக்கச் சொன்னேன். சித்தப்பாவாவது எனக்காகப் பேசுவார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் திண்டாடிப்போய் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேன் போய்விட்டது. மலைச்சாலைக் கடைகள் ஒவ்வொன்றாக நாகர்கோவில்காரரிடம் போயின. வித்துராச் சந்தையில் பழைய சிநேகத்துக்காக வாங்கிய ஒன்றிரண்டு கடைகள்தான் மிஞ்சின. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேன் பேச்சு வந்தால், அம்மாகூட, ரப்பர் நாத்தம் அப்படி இருந்தது என்றே சொல்வாள். எல்லோரும் சேர்ந்து இப்படிப் பொய் சொல்கிறார்களே என்று எனக்குப் பல நாள் கோபம்.

பள்ளிக்கூடம் மூடியிருந்த ஒரு நாள், நான் நச்சரித்ததால், அப்பா என்னையும் வித்துராவுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். மூட்டை கூரையில். எனக்கு ஜன்னலோர இடம். பஸ் புறப்படும் முன்பே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெடுமங்காடு தாண்டியும் விடவில்லை. கூட்டம் இறங்கிப் பஸ் காலியான பிறகும் விடவில்லை.

"வலிக்கறதுப்பா, விடு" என்றேன்.

விட்டார். கை சிவந்திருந்தது. அதைத் தடவிக் கொடுத்தார். பிறகு அடுத்த கையைப் பிடித்துக்கொண்டார். வளைவுகளுக்கு அப்பா இவ்வளவு பயப்படுகிறாரே, எனக்கு ஒரு துளிகூடப் பயமில்லையே என்று பெருமையாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.