இருபத்தேழாவது பெட்டி

மகாராணி எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டாள். கடையில் தேங்காயை ஆட்டிப் பார்ப்பது அவளுக்குப் போதாது. அங்கேயே உடைக்கச் சொல்வாள். அவள் கணவன் தனசேகர் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன். 'ஏரிக்கரையில நிக்கிறேன்' என்று போனில் சொன்னால், 'பக்கத்துல சோளம் சுடுறவங்ககிட்ட போனைக் குடுங்க' என்பாள். அவனும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவான். அட்டுவம்பட்டியில் பாதிப்பேர் அவளை 'சிபிஐ' என்றுதான் சொல்வார்கள், அவள் காதுபடவே.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை, பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தாள்.

சந்தேகம் அவளுக்குக் குடும்பச் சொத்து. இலங்கையில் பண்டாரவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, ஏழு வயதில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தவள் அவள். முகாமில் யாரோ நீட்டிய தாளில், மலையில் வீடு பெற்றுக்கொண்டேன் என்று அப்பா நல்லையா கையெழுத்துப் போட்டார். கொடைக்கானல் மலைக்கு வந்து பார்த்தால் சரிவும் சீகை மரமும் அட்டைப்பூச்சியும்தான் இருந்தன. சாகிற வரைக்கும் அவர் அந்தச் சீகை மரங்களைக் கூலிக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "கண்ணை வைக்காத எடத்துல ஒங்கப்பா கையை வச்சாரு" என்பாள் அம்மா அமிர்தவல்லி. அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கமாட்டாள்.

டைப்ரைட்டிங் படித்துவிட்டு மகாராணி ஓர் அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்தாள். மலைக்கிராமங்களில் பால்வாடிகளும் மருந்தகங்களும் நடத்துகிற இடம். ஒரு நாள் கம்ப்யூட்டர் நின்றுபோனது. திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். நாலு நாளும் அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கும் என்று தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. இரண்டாம் நாளே ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டாள். உள்ளே பனியீரம் முத்துமுத்தாக நின்றது. துடைத்து, வெயிலில் வைத்து, மூடினாள். ஓடியது. அன்றிலிருந்து அறக்கட்டளையின் பெட்டிகள் எல்லாம் அவள் பொறுப்பு. பதினோரு ஊர்களில் இருபத்தேழு பெட்டிகள்.

கொடைக்கானலில் கம்ப்யூட்டருக்கு வைரஸைவிடப் பெரிய எதிரி மேகம். ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மகாராணி ஒரு வழி வைத்திருந்தாள். பெட்டி இருக்கிற மேசைக்கு அடியில் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று எந்நேரமும் எரியவேண்டும். 'சூடா வச்சுக்கங்க, காஞ்ச எடத்துல வச்சுக்கங்க' என்று எல்லா ஊருக்கும் போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

2006 ஜூலையில் இயக்குநர் திருமலைச்சாமி அவளைக் கூப்பிட்டார்.

"விண்டோஸ் தொண்ணூத்தெட்டுக்கு இனிமே கம்பெனிக்காரன் பாதுகாப்பு அனுப்பமாட்டானாம். நமக்கு உதவி செய்றவங்க கேக்குறாங்க. ஆகஸ்ட் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் எக்ஸ்பிக்கு மாத்தணும்."

"இருபத்தேழும் நானேவா, சார்?"

"முடியலன்னா சொல்லும்மா. மதுரையிலருந்து ஒரு கம்பெனி வருஷ ஒப்பந்தம் போடத் தயாரா இருக்கு. கடுதாசி இந்த மேசை டிராயர்லதான் கெடக்கு."

அந்த டிராயரை அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஒப்பந்தம் வந்தால் தனக்கு அங்கே நாற்காலி இருக்காது என்பதை யாரும் அவளுக்கு விளக்கவேண்டியதில்லை.

ஒரு நீள நோட்டு வாங்கி, ஒரு பெட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாள். எவ்வளவு மெமரி, யார் பயன்படுத்துகிறார், உள்ளே என்ன இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் சிடியில் எழுதுவாள். அந்த சிடியை வேறொரு பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் புது எக்ஸ்பி உள்ளே போகும். மெமரி குறைந்த பெட்டிக்குப் பையிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் செருகுவாள்.

போகிற இடமெல்லாம் ஜனங்கள் அவளைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். "எதுக்குங்க உள்ள எல்லாத்தையும் தெறந்து பாக்குறீங்க?" என்று ஒரு பால்வாடி டீச்சர் திரையைக் கையால் மறைத்தாள். தலைமை அலுவலகத்தில் ராஜமுருகன் மட்டும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, சீட்டாட்டம் புதுசுலயும் இருக்கும்ல?" என்றான். "இருக்கும். நீ வேலை நேரத்துல ஆடுற கணக்கும் அதுல தெரியும்" என்றாள். தெரியாது. இருந்தாலும் ஒரு வாரம் அவன் ஒழுங்காக வேலை பார்த்தான்.

ஆகஸ்ட் இருபத்திரண்டில் இருபத்தாறு பக்கங்களில் 'முடிந்தது' என்று எழுதியாகிவிட்டது. பூண்டி மருந்தகம் மட்டும் மிச்சம்.

பூண்டியில் பதிவேட்டுப் பொறுப்பு பொன்னுச்சாமியிடம். முதல் தடவை போன் செய்தபோது கரண்டு இல்லை என்றான். அடுத்த தடவை சாவி திண்டுக்கல்லுக்குப் போய்விட்டது. மூன்றாம் தடவை, "நானே பொட்டியைத் தூக்கிட்டு வந்துர்றேங்க்கா, நீங்க எதுக்கு அம்புட்டுத் தூரம் பஸ்ல சீரழியணும்?" என்றான். தன்னை வரவேண்டாம் என்று இத்தனை அன்பாகச் சொன்னவர்களை மகாராணி இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள். அவர்களில் ஒருவரும் யோக்கியமில்லை.

பூண்டியிலிருந்து மாதாமாதம் ஃப்ளாப்பியில் வரும் நோயாளிப் பட்டியல்களை எடுத்தாள். கடைசிப் பட்டியலின் கோப்பு விவரங்களைத் திறந்து பார்த்தாள். புது வேர்டில் எழுதியிருந்தது. பூண்டிப் பெட்டியில் இருப்பது பழசு. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டக்கானலில் உள்ள ஒரு பிரவுசிங் சென்டரின் பெயர் நின்றது. அதற்கு முந்தின மாதமும் அதே பெயர். பின்னால் போகப்போக, ஒன்றேமுக்கால் வருஷமாக அதே பெயர்.

பெட்டியை விற்றுவிட்டான்.

அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே இன்னொன்றும் வந்தது. இருப்புப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். 2004 நவம்பர். அந்த மழையில் மண்சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனைக்கு அவளால் பூண்டிக்குப் போக முடியவில்லை. போன் செய்தாள். 'நல்லா ஓடுதுங்க்கா' என்றான். 'நேரில் பார்த்தேன், இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்காமல், அழகாக இருந்தது.

பெட்டி இல்லை என்று தெரிந்தால் யார் திருடி? பார்த்தேன் என்று எழுதியவள். வேலை மட்டுமில்லை, பெயரும் போகும். 'அகதிக்கூட்டம், வேற என்ன செய்யும்' என்று சொல்ல நாலு வாய் தயாராக இருக்கும். மதுரைக் கம்பெனியின் கடுதாசியும் டிராயரில் தயாராக இருந்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் வெள்ளனே முதல் பஸ்ஸில் ஏறினாள். பூம்பாறை தாண்டியதும் மேகம் பஸ்ஸை மூடிக்கொண்டது. மன்னவனூரில் கேரட் மூட்டைகள் ஏறின. அவள் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மருந்தகக் கதவு திறந்திருந்தது. பொன்னுச்சாமியின் அம்மா சின்னத்தாயி தரை கூட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் மேசை, மேலே பூப்போட்ட துணி மூடிய மானிட்டர். மகாராணி குனிந்தாள். மேசைக்கு அடியில் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பெட்டி இருந்த இடத்தில் சதுரமாக ஒரு தூசித் தடம். ஒன்றுமில்லாத இடத்தைப் பல்பு பொறுப்பாகச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

"பொட்டி எங்கம்மா?"

"எந்தப் பொட்டி?" சின்னத்தாயி நிமிர்ந்தாள். "ஓ, அதுவா தாயி? அது மேல காயுதுல்ல."

"எங்க காயுது?"

"பூண்டுக் கொட்டகையிலதான். வாங்க, காட்டுறேன். நீங்கதான் காஞ்ச எடத்துல வைக்கச் சொன்னீகளாமே?"

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. கட்டுக்கட்டாகப் பூண்டைத் தொங்கவிட்டு, கீழே விறகைப் புகையவிட்டிருந்தார்கள். கண் எரிந்தது. பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில் மூங்கில் பரணில், சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டு, கரிச்சட்டி நிறத்தில் இருந்தது இருபத்தேழாவது பெட்டி.

யாரோ சொல்லிப் பொன்னுச்சாமி வயலிலிருந்து ஓடிவந்தான். காலில் சேறு.

"அக்கா, வெவரத்தைக் கேளுங்க..."

"சொல்லு. ஒண்ணு மாத்திச் சொன்னாலும் எனக்குத் தெரியும்."

"நீங்க போன் பண்ணுன அன்னைக்கே அது ஓடலங்க்கா. பயந்து போயி ஓடுதுன்னுட்டேன். ஈரம் பட்டா செத்துரும், காஞ்ச எடத்துல வைன்னு சொன்னீங்க. எங்க ஊர்ல இதைவிடக் காஞ்ச எடம் ஏது? பூண்டே ஆறு மாசம் கெடாது. பத்து நாள் கழிச்சு எறக்குனா சுத்தமா ஓடல, மறுபடி மேலயே ஏத்திட்டேன். அப்பறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"அதனால?"

"ஞாயித்துக்கெழமை சந்தைக்கு வர்றப்ப வட்டக்கானல்ல மச்சான் சென்டர்ல உக்காந்து டைப் அடிச்சிருவேன். ஒரு மாசம்கூட விட்டதில்ல. நீங்களே பாருங்க."

"ஏலே, வட்டக்கானலுக்கு மச்சானைப் பாக்கப் போறேன்னியே!" என்றாள் சின்னத்தாயி. "நீ அங்க எவளையோ பாக்கப் போறன்னு நெனச்சு பொண்ணு பாக்கச் சொல்லிட்டேனே!"

அவன் முகம் கோணியது. அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு மகாராணியிடம் மெல்லச் சொன்னான்: "அக்கா, நீங்க அன்னைக்கு நேர்ல வரல. ஆனா வந்ததா எழுதிருக்கீங்க. பதிவேட்டு நகல் இங்கயும் வந்துச்சு, எனக்குத் தெரியும். நானும் சொல்லல. நீங்களும் விட்டுருங்க. சரிக்குச் சரி."

அவன் கண்ணில் கள்ளம் இல்லை, பயம்தான் இருந்தது. ஆனால் இன்றைக்குப் பயத்தில் சொல்கிறவன் நாளைக்கு ஒரு லீவு வேண்டும்போது இதையே வேறு குரலில் சொல்லலாம். ஒவ்வொரு போனுக்கும் முன்னால் அவன் மனதை எடைபோட்டுக்கொண்டு அவள் எத்தனை வருஷம் வேலை பார்ப்பாள்?

"பொட்டியை எறக்கி மருந்தகத்துக்குக் கொண்டு வா" என்றாள். "அங்க ஸ்பிரிட்டும் பஞ்சும் இருக்கும்ல, வெரசா எடுத்து வையி."

திறந்தபோது உள்ளேயிருந்து பூண்டுத்தோல் பறந்தது. காற்றாடியின் இறக்கைகளில் கரி அப்பியிருந்தது. மருந்தகத்து ஸ்பிரிட்டைத் தொட்டுத்தொட்டு, ஊசி போடுமுன் தோலைத் துடைப்பதுபோல, மெமரியின் பல்லைத் துடைத்தாள். இரண்டு தடவை உயிர் வரவில்லை. மெமரியை மாற்றிச் செருகிய மூன்றாவது தடவை ஒரு பீப் சத்தம் வந்தது. தொண்ணூற்றெட்டின் மேகமும் வானமும் திரையில் எழுந்தன. 2004 நவம்பர் வரைக்குமான பட்டியல்கள் அப்படியே இருந்தன. அவள் சிடியில் எழுதினாள். சரிபார்க்க வேறு பெட்டி இல்லாததால், அதே பெட்டியில் மறுபடி போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகு எக்ஸ்பியைப் போட்டாள். 'இன்னும் 39 நிமிடங்கள்' என்று திரை சொன்னது. அதையும் நம்பாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் திருமலைச்சாமியின் மேசையில் நோட்டையும் இருப்புப் பதிவேட்டையும் வைத்தாள். நோட்டில் இருபத்தேழு பக்கமும் நிறைந்திருந்தன. பதிவேட்டில் 2004 நவம்பர் வரிக்குக் கீழே புதிதாக எழுதியிருந்தாள்: 'இதை நான் நேரில் பார்க்கவில்லை. போனில் கேட்டு எழுதினேன். பெட்டி அப்போதே ஓடவில்லை. பொன்னுச்சாமி மறைத்தார். நேற்றுச் சரிசெய்தேன்.' அடியில் கையெழுத்து. இந்தத் தடவை அது கொஞ்சம் கோணியிருந்தது.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"பெட்டிதான் ஓடுதே. நீ இதை எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா."

"பொன்னுச்சாமிக்குத் தெரியும், சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டு பேருக்கும் மெமோ உண்டு. அது போகட்டும். இந்த மாதிரிக் கையெழுத்து இன்னும் எத்தனை?"

"இது ஒண்ணுதான்."

"அதை நான் நம்பணுமா?"

"நம்பாதீங்க, சார்" என்றாள் மகாராணி. "ஆபீஸ் ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க. பதினோரு ஊருக்கும் போவோம். பொட்டி பொட்டியாத் தெறந்து காட்டுறேன்."

அவர் டிராயரை இழுத்துத் திறந்தார். உள்ளே கிடந்த மதுரைக் கடுதாசியைப் பார்த்தார். டிராயரை மூடாமலே எழுந்தார்.

மூன்று நாள் சுற்றினார்கள். அவர் ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் குனிந்து, பெட்டியின் எண்ணைத் தன் கண்ணால் வாசித்து, நோட்டில் தன் கையால் டிக் போட்டார். அவள் சொன்னதை ஓரிடத்திலும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அது மகாராணிக்குப் பிடித்திருந்தது. கடைசியாகப் பூண்டி. பொன்னுச்சாமி தலை வாரி, சட்டை மாட்டி, வாசலில் நின்றான். திருமலைச்சாமி பெட்டியை ஆன் செய்தார். காற்றாடி சுழன்றது. அறை முழுக்கப் பூண்டு வாசம் கிளம்பியது.

அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே இருபத்தேழாவது டிக்கைப் போட்டார். பிறகு மகாராணி பக்கம் திரும்பினார்.

"அடுத்த சோதனைக்கும் நீயேதான் வரணும்" என்றார். "ரோடு அடைபட்டாலும் சரி, நடந்து."