மானுக்கு ஒரு மலிவு ரைஃபிள்

விதி ஒற்றை வரிதான். ரைஃபிள் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியின் சாவி, உரிமம் இல்லாத எவருடைய கைக்கும் எட்டக் கூடாது.

இதில் விளங்காதது என்ன? நகரசபை ஒன்றின் ஒப்பந்தப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் நான். ஒரு வரியை நாலு விதமாகத் திரித்துக் காட்டும் ஒப்பந்தக்காரர்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தது. அவர்களால்கூட இந்த வரியைத் திரிக்க முடியாது. நம்மவர்கள் திரிக்கவில்லை. வாசிக்கவேயில்லை... அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

குகன் என் மனைவியின் தம்பி. நகரின் வட விளிம்பில், கிரெய்கிபர்னில் வீடு. வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதும், வடக்கே முக்கால் மணி நேர ஓட்டத்தில் பன்னிரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மரக்கறி போடத் தொடங்கினான். பயிற்றங்காய், கத்தரி, பூசணி, மிளகாய். கோடைக்காலம் முழுவதும் நாலு தமிழ்க் கடைகளுக்கு அவன்தான் கொடுப்பது. வீடு ஓடுவது அதில்தான்.

அங்கே மான் வந்தது. மான் என்றதும் துள்ளி ஓடும் புள்ளிமானை நினைக்க வேண்டாம். இது மரை, கடமான். மாட்டளவு உடம்பு. இரண்டு மாதம் வளர்ந்த பயிற்றங்காய்ப் பந்தலை விடிவதற்குள் வழித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். மிளகாயை மட்டும் மரியாதையாக விட்டுவைக்கும். உயரமான வேலி போடக் காணிச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. "சுடு, எழுத்தில் அனுமதி தருகிறேன்" என்றார்.

"அத்தான், இன்னொரு வருசம் இப்பிடிப் போனா கடைக்காரர் என்னை விட்டிடுவினம்" என்றான் குகன். "ஒரு துவக்கு எடுக்கத்தான் வேணும். படிவமெல்லாம் நீங்கதான் நிரப்பித் தரவேணும்."

வேலையில் இருந்த காலத்தில், அலுவலக நண்பர்களோடு பத்து வருடம் மலைக்கு மான் வேட்டைக்குப் போனவன் நான். தோளில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு ரைஃபிளை ஒப்படைத்துவிட்டேன். ஆனால் படிவங்களை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, உரிமம், காத்திருப்புக் காலம், அதன்பின் வாங்குவதற்கான அனுமதி — எல்லாம் வரிசையாக முடிந்தன.

பிறகு குகன் ஒரு காரியம் செய்தான். எந்த ரைஃபிள் வாங்கலாம் என்று நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டான்.

கேட்டால் என்ன ஆகும்? வீடு வாங்க, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேட, முழங்காலுக்கு எண்ணெய் பூச — எல்லாவற்றுக்கும் அங்கே நிபுணர் உண்டு. துப்பாக்கிக்கும் இருந்தார். பெயர் நேசன். கிளென் வேவர்லியில் கணக்காளர். இத்தாலியில் செய்த ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறார், தோளில் அணைக்கும் கட்டையில் இலைவேலைப்பாடு. அதை வாங்கி ஐந்து வருடம். இதுவரை அது சுட்டது, பயிற்சி மைதானத்துக் காகிதத்தை மட்டும்தான்.

"உவர் நேசன் அண்ணை சொல்லுறார், தன்னட்ட இருக்கிற மாதிரி 300 மேக்னம்தான் எடுக்கவேணுமாம். மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமானாம்" என்றான் குகன்.

"அவர் என்ன சுட்டவர்?"

"அது தெரியேல்லை. ஆனா நிறைய வீடியோ பாக்கிறவர்."

எப்படி இருக்கிறது? மேக்னம் என்பது சாதாரணத் தோட்டாவைவிட மருந்து கூடியது. தோளில் உதைக்கும். புதிதாகச் சுடுபவன் இரண்டு முறை உதை வாங்கினால், மூன்றாம் முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் மான் விழாது. மானுக்குப் பின்னால் நிற்கும் பக்கத்துக் காணிக்காரரின் மாடு விழும்.

மரைக்குக் குறைந்தபட்சம் எந்த அளவுத் தோட்டா வேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டமே சொல்கிறது. 270 போதும். 308 என்றால் இன்னும் வசதி — எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளில், உடைந்துபோக அதிகம் ஒன்றுமில்லை. மலிவு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. இன்றைக்கு வரும் மிகச் சாதாரண ரைஃபிள்கூட, நூறு மீட்டர் தூரத்தில் மூன்று தோட்டாக்களை ஒரு தோடம்பழத்துக்குள், அதாவது ஆரஞ்சு அளவுக்குள், வைத்துவிடும். நீங்கள் வைப்பீர்களா? அதுதான் கேள்வி. அதற்கு விலை கூடிய ரைஃபிளில் பதில் இல்லை.

இதையெல்லாம் காரில் போகும்போதே சொன்னேன். கடைக்குள் நுழைந்ததும் குகன் மறந்துவிட்டான். நேராக வால்நட் மரக்கட்டை போட்ட ரைஃபிளிடம் போனான். பெண் பார்க்க வந்தவன் மாதிரி நின்றான்.

கடைக்காரர் வயதானவர், அவசரமில்லாதவர். அதை எடுத்துக் கொடுத்து, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து, விரலை நீட்டச் சொன்னார். குகன் ஐந்தடி நாலு அங்குலம். விரல் விசைக்கு எட்டவில்லை.

"இது ஆறடி ஆளுக்குச் செய்தது" என்றார் கடைக்காரர் ஆங்கிலத்தில்.

அடுத்து, கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்ட 308 ஒன்றை எடுத்துவந்தார். அடியில் இருந்த இரண்டு தகடுகளைக் கழற்றினார். கட்டை குட்டையானது. விரல் விசையில் போய் உட்கார்ந்தது. போல்ட் கொஞ்சம் கரகரத்தது. நூறு முறை இழுத்துத் தள்ளினால் இழைந்துவிடும் என்றார். விலை, வால்நட்டில் பாதிக்கும் குறைவு.

குகன் என் காதருகில் குனிந்தான். "அத்தான், பாக்க ஒரு குழாய்க் கம்பி மாதிரிக் கிடக்கு. படம் எடுத்துக் குழுவில போட்டா சிரிப்பாங்கள்."

"மான் குழுவில் இருக்கா?"

குகன் நிமிர்ந்தான். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, இரண்டு எடுத்தால் விலை குறையுமா என்று கேட்டான். ஒரு அனுமதிக்கு ஒரு ரைஃபிள்தான் என்றார் அவர். அப்படியானால் குறி பார்க்கும் ஸ்கோப் இலவசமா என்றான். அதற்கும் இல்லை. ஆனால் ஸ்கோப்பைச் சரியாகப் பொருத்தித் தருகிறேன் என்றார். அதுதான் முக்கியம் என்று நான் சொன்னது குகனின் காதில் ஏறவில்லை. அவன் கண் அதற்குள் வேறிடத்துக்குப் போய்விட்டது. மூலையில் ஒரு இரும்புப் பெட்டி. பதினாலு ரைஃபிள் வைக்கலாம். தள்ளுபடி.

"ஒரு ரைஃபிளுக்கு ஏன் இது?" என்றேன்.

"பாதி விலை, அத்தான்."

நம்மவர்களுக்கு இந்த இரண்டு சொல் போதும். ரைஃபிளோடு பெட்டியையும் வாங்கினான். பெட்டியை நாலு பேர் தூக்கிவந்து, கிரெய்கிபர்ன் வீட்டில் கார் நிறுத்தும் அறையின் கொங்கிரீட்டில் போல்ட் போட்டுப் பொருத்தினார்கள். நான் விதிகளின் பட்டியலோடு போய்ப் பார்த்தேன். தகட்டின் தடிப்பு — சரி. தரையில் நாலு போல்ட் — சரி. தோட்டாவுக்குத் தனிப் பூட்டு — சரி. சாவி உரிமம் உள்ளவரிடம் — சரி.

மூன்று வாரம் கழித்து, பெட்டியைச் சோதிக்க ஒரு பெண் போலீஸ் அதிகாரி வந்தார். முன்கூட்டியே நேரம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"திறந்து காட்டுங்கள்" என்றார்.

குகன் சட்டைப்பையைத் தொட்டான். பிறகு குசினிப் பக்கம் திரும்பினான்.

"வசந்தி, அந்தத் திறப்பைக் கொண்டு வாரும்."

அவன் மனைவி வசந்தி கை துடைத்துக்கொண்டு வந்தாள். கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். எந்தச் சாவி என்று பார்க்காமலே தேர்ந்து, தானே திறந்தாள்.

உள்ளே ரைஃபிள் இருந்தது. அதைச் சுற்றி ஏழெட்டு நகைப்பெட்டிகள், வெள்ளிக் குத்துவிளக்கு, கடவுச்சீட்டுகள், மகளின் பூப்பு விழாவான சாமத்திய வீட்டு ஆல்பம். ரைஃபிளின் குழாயில் கூறைச்சேலைப் பை ஒன்று சாய்ந்திருந்தது.

அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார். பிறகு கேட்டார். "இந்தச் சாவி வழக்கமாக யாரிடம் இருக்கும்?"

"என்னிடம்தான்" என்றாள் வசந்தி, நல்ல ஆங்கிலத்தில். "எப்போதும். இவரிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார்."

"உங்களுக்குத் துப்பாக்கி உரிமம் உண்டா?"

"எனக்கு எதற்கு? நான் சுடுவதில்லையே."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. விசாரணை முடியும்வரை ரைஃபிளைத் தாங்கள் வைத்திருப்பதாகச் சொல்லி, ரசீது கொடுத்து, எடுத்துக்கொண்டு போனார். அவர் செய்ததில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

கார் போனதும் குகன் வாய் திறந்தான். "உமக்கு ஆர் உதுக்குள்ள நகையை வைக்கச் சொன்னது?"

"போன வருசம் பக்கத்துத் தெருவில மூண்டு வீடு உடைச்சவங்கள். எங்கட வீடெண்டால் தங்கம் இருக்குமெண்டு அவங்களுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய இரும்பலமாரிக்குள்ள ஒரு துவக்கு மட்டும் நிண்டு என்ன செய்யுது?" அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் எத்தினை நாள் இதைச் சுத்திச் சுத்திக் கதைச்சியள். தகட்டை அளந்தியள். ஆணியை எண்ணினியள். திறப்பு என்னட்ட இருக்கக்கூடாதெண்டு ஒருத்தராவது எனக்குச் சொன்னியளே?"

சொல்லவில்லை. குகன் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று நினைத்தான். அந்த வீட்டில் பாதுகாப்பு என்றால் வசந்தியின் கைப்பை. நான் அவனிடம் கேட்டு, அவன் தலையாட்டியதும் 'சரி' போட்டேன். குசினிவரை நடந்துபோய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அறிவுகெட்டவர்கள் என்று நான் ஏசிக்கொண்டிருந்த கூட்டத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தது.

அன்றே விளக்கக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். தவறு நடந்தது, ஒப்புக்கொள்கிறோம், நகைகள் வங்கிக்குப் போய்விட்டன, சாவி இனி குகனிடம் மட்டும்.

அதோடு நின்றிருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கும். ஆனால் நம்மவனுக்குக் கடிதத்தில் நம்பிக்கை உண்டா? ஆளைப் பிடிக்க வேண்டாமா? எனக்குத் தெரியாமல், கோயில் தலைவரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி அனுப்பினான். நேசனிடம் இன்னொன்று. தலைவர் எழுதியிருந்தார்: 'இவரின் துணைவியார் மிகுந்த பொறுப்பு வாய்ந்தவர். வீட்டின் எல்லாச் சாவிகளும் என்றென்றும் அவர் கையிலேயே பத்திரமாக இருக்கும்.'

சாவி குகனிடம் மட்டும் என்று என் கடிதம். என்றென்றும் வசந்தியிடம் என்று தலைவர் கடிதம். இரண்டும் ஒரே கோப்பில். எது உண்மை என்று விளக்கம் கேட்டார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? விளக்கம் போனது. விளக்கத்துக்கு விளக்கம் போனது. குகன் மூன்றாவது சிபாரிசுக்கு ஒரு பல்வைத்தியரைப் பார்த்து வைத்திருந்தான். போனைப் பிடுங்காத குறையாக நிறுத்தினேன்.

இதற்கிடையில் மரை வந்தது. ஒன்றல்ல, ஐந்து. மேக்னம் வைத்திருக்கும் நேசனை ஒரு விடியற்காலை வந்து உதவச் சொல்லிக் கேட்டோம். "இந்தக் கிழமை வெக்கை கூட, பிறகு பாப்பம்" என்றார். அடுத்த வாரம் காரில் சேறு பிடிக்கும் என்றார்.

பயிற்றங்காய் முதலில் போனது. பிறகு பூசணிக் கொடி. கடைக்காரர்கள் இரண்டு வாரம் பொறுத்தார்கள். மூன்றாம் வாரம் குயின்ஸ்லாந்திலிருந்து லாரியில் இறக்கினார்கள். குத்தகையைப் புதுப்பிக்கும் நாளில் குகன் கையெழுத்துப் போடப் போகவில்லை. இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான்.

உரிமம் தொடரும், எச்சரிக்கையோடு. ரைஃபிளை வந்து பெற்றுக்கொள்ளலாம் — போலீஸின் ஐந்து வரிப் பதில். பந்தலில் கடைசிக் கொடி போனது பெப்ரவரியில். பதில் வந்தது, மே மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை.