பாதியை மட்டும் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நவராத்திரிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்த சமயம். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், பெயின்ட் அடிக்கும் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. கொலு பொம்மை ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. என்னிடம் வேலை பார்த்த ஆறு பெண்களில் பொம்மைக்குக் கண் எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அதிர்ந்து பேசமாட்டாள்.

ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். தரையில் சிந்தியிருந்த களிமண் கரைசலில் வழுக்கி மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை மர ஸ்டாண்டில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. ஆனால் ரத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, டீ வந்துட்டுதா?" என்றாள். டீ குடித்து அரை மணி ஆகியிருந்தது. குடித்துவிட்டாயே என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். மூன்றாவது முறை கேட்டதும் பயந்துபோய், ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், நடக்கவிட்டார், என்ன கிழமை என்று கேட்டார். இவளுக்குக் கிழமையும் தெரியவில்லை, விழுந்ததும் நினைவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தெளிந்துவிட்டாள்; தலைவலி மட்டும் இருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெளியில காயம் இல்லம்மா. உள்ள மூளை குலுங்கியிருக்குது. இப்ப அவங்ககிட்ட சொன்னா மனசுல நிக்காது, அதான் உங்ககிட்ட சொல்றேன்."

திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, தலைவலி கூடினாலோ, எழுப்பியும் எழுந்திருக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றார். இரண்டு நாள் வீட்டில் ஓய்வு, செல்போன், டிவி பார்க்கக்கூடாது. அப்புறமும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். சூடு, சத்தம், கண்ணுக்குச் சிரமம் கொடுக்கும் வேலை எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பெண்ணாடத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் ஓடி வந்தார். வாந்தி, வலிப்பு பற்றியெல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். ஓய்வைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கண் எழுதாத பொம்மைகள் அடுக்கடுக்காக என் மனதில் நின்றன.

"நாளைக்கு வேலைக்கு வரலாமாக்கா?" என்று அவரே கேட்டார்.

"வலி இல்லன்னா வரட்டும்" என்றேன். பாதியாவது சொன்னோமே, இது பொய் ஆகாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் வந்துவிட்டாள். பக்கத்தில் சூளை எரிந்துகொண்டிருந்தது, மண் அரைக்கும் மெஷின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதினாள். நாலு பொம்மைக்குக் கண் கோணலாகப் போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நேத்து விழுந்தத வச்சி இன்னிக்கு நடிக்கிறியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் ஈரத்துணியால் பொம்மையின் கோணல் கண்ணைத் துடைத்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். திரும்பவும் எடுத்தாள். தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்துவிட்டாள்.

அதே ஆரம்ப சுகாதார நிலையம், அதே டாக்டர். "ரெஸ்ட்ல இருக்கச் சொன்னேனே, ஏன் வேலைக்கு வந்தாங்க?"

"வேணாம்னுதான் சொன்னேன் மேடம். அவதான் கேக்கல" என்றேன். யோசிக்கவே இல்லை, அப்படியே வந்தது. அவள் ஓரடி தள்ளிக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

108 வரவழைத்து ஸ்கேன் எடுக்க கடலூருக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரியும்வரை எனக்கு உயிர் உயிராக இல்லை. உயிருக்கு ஆபத்து நீங்கியதே தவிர, தலைவலியும் மறதியும் இரண்டு மாதம் அவளை விடவில்லை. நவராத்திரி வந்து போனது.

ஒருநாள் மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். வெளிச்சம் கூசுகிறதென்று ஜன்னலில் புடவை கட்டியிருந்தார்கள். டாக்டர் சொன்னதை மறைத்தது, அவள் மேல் பழி போட்டது, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"தெரியும்க்கா. அன்னிக்கு கட்டில்ல படுத்துக்கினு கேட்டுக்கினுதான இருந்தேன்" என்றாள் அமைதியாக. "வேலைக்கு வரச் சொன்னதுக்குக்கூட எனக்கு வருத்தம் இல்ல. நடிக்கிறேன்னு சொன்னீங்க பாருங்க. வூட்டுல படுத்துக் கெடந்தப்ப எனக்கே சந்தேகம் வந்துட்டுது, நெசமாவே நடிக்கிறனோன்னு."

ஜன்னலில் நழுவியிருந்த புடவையை இழுத்துக் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

தை மாதம் அவள் திரும்பி வந்தாள். முதலில் தினம் இரண்டு மணி நேரம், அப்புறம் அரை நாள், அப்புறம் முழு நாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். இப்போது எங்கள் கம்பெனியில் யாருக்குத் தலையில் அடிபட்டாலும் நானே கூட்டிப்போகிறேன். டாக்டர் சொல்வதை எழுதி வாங்கி வீட்டார் கையில் கொடுக்கிறேன். புதிதாக வந்த பெண்கள் என்னைப் பொறுப்பானவள் என்கிறார்கள். அதே அறையில் உட்கார்ந்து கண் எழுதிக்கொண்டிருப்பவள் நடந்ததைப் பற்றி இன்றுவரை அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வாய் திறக்காததால்தான் எனக்கு அந்தப் பெயர் நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.